மொட்டைமாடி வெல்டருக்கு செகண்ட் ஹேண்ட் மிக் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். திருவொற்றியூரில் வீடு. மொட்டைமாடியில் ஷீட் போட்ட ஒரு மூலையில் சின்ன இன்வெர்ட்டர் (எலக்ட்ரானிக் போர்டில் ஓடுகிற) ஆர்க் மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு வருஷமாகப் பூந்தொட்டி ஸ்டாண்டு, ஷூ ரேக், சைக்கிள் கேரியர் என்று செய்துவருகிறீர்கள். 18 கேஜ் ஸ்கொயர் ட்யூபில் ராடு பட்டாலே ஓட்டை விழுகிறது. அதனால் ராடுக்குப் பதில் வயர் தானாக ஓடிவருகிற மிக் மெஷினுக்கு மாறலாம் என்று தேடியதில் இரண்டு பழைய மெஷின் மாட்டியிருக்கிறது. ஒன்று மணலி பக்கம் மூடிவிட்ட பட்டறையின் 400 ஆம்ப் த்ரீ ஃபேஸ் மெஷின், கிட்டத்தட்ட எடைக்குப் போடுகிற விலை. இன்னொன்று வியாசர்பாடியில் ஒருவர் விற்கிற சிங்கிள் ஃபேஸ் 200 ஆம்ப் இன்வெர்ட்டர் மிக். "பெரிய மெஷின் விலையும் கம்மி, பவரும் ஜாஸ்தி, அதையே எடுத்துடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். இன்வெர்ட்டரையும் நான் சொல்கிறபடி பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஓரத்துப் பட்டறைகளில் இருபது வருஷத்துக்கு மேல் சி.ஓ.டூ வெல்டிங்கோடு (மிக்கைப் பட்டறையில் அப்படித்தான் சொல்வோம்) குப்பை கொட்டியவன் என்கிற முறையில் சொல்கிறேன்: பழைய மிக் மெஷின் வாங்குகிறவன் முகப்பில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது வயர் போகிற வழி. அடுத்தது உங்கள் வீட்டு ப்ளக் பாயின்ட்.

முதலில் அந்த 400 ஆம்ப் யானையை முடித்துவிடுவோம். அது ஒரு மோசமான மெஷின் இல்லை. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், முன்னால் இரண்டு டேப் சுவிட்ச், அவ்வளவுதான். கெட்டுப்போக அதிகம் ஒன்றும் கிடையாது. இருபது வருஷமான மெஷினும் இன்றைக்கும் ஓடும். ஆனால் அது 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் கேட்கும். பழைய ஆயில் கூல்டு ஆர்க் மெஷினை இரண்டு ஃபேஸில் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நம்பிக்கையில் இதை இழுத்துவராதீர்கள். இதற்கு மூன்று ஃபேஸும் வேண்டும்.

வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் லைன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்கள் வேலைக்கு அது பொருந்தாது. அந்த மெஷின் வாழ்நாள் முழுக்க 1.2 மி.மீ. வயரை ஓட்டியது. அந்த வயர் நிம்மதியாக எரியவே சுமார் 120 ஆம்ப் வேண்டும். உங்கள் 18 கேஜ் ட்யூபின் சுவர் 1.2 மி.மீ.தான். மைல்ட் ஸ்டீலுக்குத் (சாதா இரும்புக்கு) தோராயக் கணக்கு, ஒரு மி.மீ. தடிப்புக்கு 40 ஆம்ப். அதாவது உங்களுக்குத் தேவை 50 ஆம்ப் பக்கம். 14 கேஜ், 2 மி.மீ. போட்டால்கூட 80. ஓட்டை விழுகிறது என்பதற்காக மெஷின் மாற்றுகிற நீங்கள், இன்னும் பெரிய ஓட்டை போடுகிற மெஷினை வாங்குவானேன்? நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் அதை மாடிப்படி ஏற்றுகிற ஆள்கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ப்ளக் பாயின்ட். மிக் வெல்டிங்கில் ஆர்க் வோல்டேஜுக்கு ஒரு வாய்பாடு உண்டு: 14 கூட்டல் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு. 200 ஆம்பில் 24 வோல்ட், அதாவது 4,800 வாட். மெஷினின் சொந்த இழப்பையும், மலிவு இன்வெர்ட்டர்களின் மோசமான பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து 35 ஆம்ப் வரை இழுக்கும். வீட்டில் இருக்கும் பெரிய ப்ளக் 16 ஆம்ப். ஆகவே 200 என்ற எண் உங்கள் வீட்டில் வெறும் அலங்காரம். ஆனால் 70 ஆம்பில் கணக்குப் போடுங்கள்: 17.5 வோல்ட், 1,225 வாட், லைனில் சுமார் 9 ஆம்ப். உங்கள் வேலை இங்கேதான் நடக்கப்போகிறது, 16 ஆம்ப் ப்ளக்கே தாங்கும். ஏசி ஓடுகிற அதே லைனில் மட்டும் சொருகாதீர்கள். கீழிருந்து மாடிக்கு எக்ஸ்டென்ஷன் இழுப்பதாக இருந்தால் 4 ஸ்கொயர் மி.மீ. காப்பர் கேபிள் வாங்குங்கள், சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள். டேபிள் ஃபேனுக்கு வைத்திருக்கும் வெள்ளை ஒயரில் ஓட்டினால் ஆர்க் திக்கித் திணறும், நீங்கள் மெஷினைத் திட்டுவீர்கள். எர்த் உண்மையிலேயே எர்த்தா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

டியூட்டி சைக்கிள் பற்றி ஒரு வரி போதும். 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் எரிக்கலாம் என்று பொருள். முறையான தரக் கணக்கு 40 டிகிரி வெயிலில் போடப்பட்டது. மே மாதத்து ஷீட் கூரைக்குக் கீழே அதைவிடச் சூடு இருக்கும். பொழுதுபோக்குக்கு வெல்டிங் செய்கிறவன் இரண்டு இன்ச் ஓட்டிவிட்டு இரண்டு நிமிஷம் அளந்துகொண்டிருப்பான், இந்த எல்லையைத் தொடவே மாட்டான்.

வயர் போகிற வழிக்கு வருகிறேன். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஆர்க் மெஷினில் ராடைக் கொண்டுபோய் வைப்பது உங்கள் கை. இதில் அந்த வேலையை ஒரு சின்ன மோட்டாரும், இரண்டு ரோலரும், டார்ச் (கையில் பிடிக்கும் வெல்டிங் துப்பாக்கி) கேபிளுக்குள் ஓடும் ஒரு ஸ்பிரிங் குழாயும் செய்கின்றன. அந்தக் குழாய்க்குத்தான் லைனர் என்று பெயர். வயர் ஒரு நொடி தயங்கினால் டார்ச்சின் வாயிலிருக்கும் டிப்பிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பத்து மிக் மெஷின் "சரியா எரியல" என்று வந்தால் எட்டில் போர்டு நன்றாகத்தான் இருக்கும், வயர் ஓடாததுதான் கோளாறாக இருக்கும். இது என் கை அனுபவம்.

போனதும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ரோலருக்குக் கீழே பாருங்கள். கொஞ்சம் செம்புத் தூள் இருப்பது சகஜம். மஞ்சள்தூள் கொட்டியதுபோலக் குவிந்திருந்தால், அழுத்தத்தை அளவுக்கு மீறித் திருகி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது வயருக்குப் பொருந்தாத பள்ளம். ரோலரைக் கழற்றிப் பக்கத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 0.8 (உங்களுக்கு வேண்டிய வயரின் மி.மீ. அளவு) என்று இருக்க வேண்டும், பள்ளம் வி வடிவத்தில் கூர்மையாக இருக்க வேண்டும். தேய்ந்து வட்டமாகியிருந்தால் ரோலர் மாற்ற வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை, பேரம் பேச உதவும். ரோலரைத் தாங்கும் சட்டம் ப்ளாஸ்டிக்கா, இரும்பா என்றும் தட்டிப் பாருங்கள். இரண்டு மெஷினும் ஒரே விலை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரும்புச் சட்டத்தை எடுப்பேன். ப்ளாஸ்டிக் வெயிலில் வளைந்து ரோலரின் பிடியைக் கெடுக்கும்.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். எர்த் கிளாம்பை (வெல்டு செய்யும் இரும்பில் கவ்வ வைக்கும் கிளிப்) எதிலும் மாட்டாமல் தள்ளி வையுங்கள். கையில் லெதர் கிளவுஸ், கண்ணில் கண்ணாடி. டிரிக்கர் அழுத்தினால் வயரில் கரன்ட் இருக்கும், டார்ச்சின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. முதலில் டார்ச் கேபிளை நேராக நீட்டி வயரை ஓட விடுங்கள். பிறகு கேபிளைத் தோசைக்கல் அளவுக்கு ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி ஓட விடுங்கள். மோட்டார் சத்தம் மாறாமல் அதே வேகத்தில் வந்தால் லைனர் நன்றாக இருக்கிறது. முனகினாலோ, விட்டுவிட்டு வந்தாலோ லைனருக்குள் துருவும் தூளும் அடைத்திருக்கிறது. கடைசியாக, வெளியே வரும் வயரை ஒரு மரக்கட்டையில் முட்ட விடுங்கள். நல்ல ஃபீடர் வயரை முறுக்கு பிழிந்ததுபோலச் சுருட்டிக்கொண்டே தள்ளும், அல்லது ரோலர் லேசாக வழுக்கும். மோட்டாரே நின்றுவிட்டால் அந்த மெஷின் வேண்டாம்.

வயர் ஸ்பீடு குமிழைக் குறைந்தபட்சத்திலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்கேயாவது திடீரென்று எகிறினால் குமிழுக்குப் பின்னாலிருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது. சில்லறைச் செலவுதான், ஆனால் உங்கள் மெல்லிய ட்யூப் வேலை முழுக்கக் குமிழின் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் நடக்கும். டார்ச் மெஷினில் மாட்டும் இடம் யூரோ கனெக்டராக இருக்கட்டும். பித்தளையில் தடியாக ஒரே பிளக்காகத் திருகி மாட்டுவது அது. அப்படி இருந்தால் டார்ச் எப்போது செத்தாலும் பிராட்வே பக்கம் லிங்கி செட்டி தெருவிலோ செம்புதாஸ் தெருவிலோ போய் வேறொன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். டார்ச் மெஷினுக்குள்ளேயே நேரடியாகக் கோத்திருக்கும் சின்ன மாடல்களை மலிவு என்று எடுத்தவர்கள், ஒரு லைனருக்காக அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

வடசென்னைக்காரர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உப்பும் வெள்ளமும். எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கடலோரப் பட்டறைகளில் இருந்த இன்வெர்ட்டர் எதுவாக இருந்தாலும், அதன் ஃபேன் வருஷக்கணக்காக உப்புக் காற்றை உள்ளே இழுத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது எத்தனை பட்டறைகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும்.

நானே மாட்டியிருக்கிறேன். புயல் வந்த அடுத்த வருஷம் ஒரு இன்வெர்ட்டர் மிக் மலிவாக வந்தது. விற்றவரின் பெயர் வேண்டாம், அவருக்கே தெரிந்திருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. வெளியே பளபளவென்று துடைத்திருந்தது, ஸ்டிக்கர்கூடப் புதுசு. பத்து நிமிஷம் எரித்துப் பார்த்தேன், அருமையாக எரிந்தது. மூடியைக் கழற்றாமல் வாங்கிவந்தேன். மூன்றாவது வாரம், கேட் கீலுக்கு டேக் (பிடிமானத்துக்கான சின்னப் புள்ளி வெல்டு) வைத்துக்கொண்டிருந்தபோது பட்டாசு மாதிரி ஒரு டப். திறந்து பார்த்தால், அடித்தட்டிலிருந்து நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு. சேறு மட்டுமில்லை, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து ஓடியதே, அதுதான். கோட்டுக்குக் கீழே இருந்த கனெக்டர் பின்கள் பச்சை பூத்திருந்தன. போர்டு பழுது பார்க்கக் கேட்ட தொகைக்குக் கொஞ்சம் போட்டால் வேறு பழைய மெஷினே வரும்.

ஆகவே ஸ்க்ரூ டிரைவரோடு போங்கள். மூடியைக் கழற்ற விடமாட்டேன் என்கிறவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ப்ளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும், உள்ளே கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். திறந்தபின்னும் எதையும் தொடாதீர்கள், டார்ச் லைட் அடித்துப் பார்த்தால் போதும். அலுமினிய ஹீட் சிங்கில் வெள்ளைப் பொடி, காப்பர் லக்கில் பச்சை, உள்சுவரில் மட்டக்கோடு, ஸ்க்ரூ தலைகளில் ஒரே சீராகத் துரு. இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விலகிவிடுங்கள். சாம்பல் நிற இரும்புத் தூசி மட்டும் என்றால் பயமில்லை, கிரைண்டர் பக்கத்தில் இருந்திருக்கிறது, ப்ளோயர் அடித்தால் போய்விடும். கருகிய போர்டுக்கு ஒரு மீன் வாடை உண்டு. காசிமேட்டில் போய் மெஷின் பார்த்தால் அந்தப் பரிசோதனை பலிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேஸா, கேஸ் இல்லாமலா? மொட்டைமாடி என்பதால் இதை யோசித்தே ஆக வேண்டும். சி.ஓ.டூ கேஸ் ஆர்க்கைச் சுற்றி ஒரு குடைபோல நின்று காற்றைத் தடுக்கிறது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் காற்று அடித்தாலே அந்தக் குடை கலைந்துவிடும். திருவொற்றியூரில் மதியம் கடல்காற்று ஏறினால் என்ன வேகம் என்று உங்கள் கொடியில் காயும் துணியே சொல்லும். வெல்டில் ஆப்பத்து ஓட்டை மாதிரிப் பொத்தல் விழுந்தால் காரணம் அதுதான். ஆகையால் கேஸ் என்றால் காலையில், தார்ப்பாய் கட்டி மறைத்து வேலை செய்யுங்கள். அதற்காக நாலு பக்கமும் மூடிய அறைக்குள் போகாதீர்கள், சி.ஓ.டூ தரையில் தேங்கி மூச்சை அடைக்கும்.

காற்றுக்குப் பயப்படாதது ஃப்ளக்ஸ் கோர் வயர். ராடின் மேலிருக்கும் மருந்து இதில் வயருக்கு உள்ளே இருக்கும், சிலிண்டரே தேவையில்லை. புகையும் தெறிப்பும் அதிகம், வெல்டின் மேல் படியும் ஸ்லாக் என்கிற கசடைத் தட்ட வேண்டும், வயர் விலையும் கூட. உங்கள் ட்யூபுக்கு 0.8 மி.மீ. வயரே சரி. 1.0 மி.மீ. வயரில் ட்யூப் மறுபடி ஓட்டையாகும். இரண்டு வசதியும் உள்ள மெஷினாக எடுங்கள். அதில் ஒன்று கட்டாயம் பார்க்க வேண்டும்: போலாரிட்டி மாற்ற முடிகிறதா? செம்பு பூசிய சாதா வயரும் கேஸும் என்றால் டார்ச் ப்ளஸ்ஸில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர் என்றால் டார்ச் மைனஸில். ஃபீடர் கதவுக்கு உள்ளேயோ முகப்பிலோ இந்த இரண்டையும் இடம் மாற்றச் சின்னதாக ஒரு கேபிள் இருக்கும். அது இல்லாத மெஷினில் ஃப்ளக்ஸ் கோர் ஓட்டினால் தெறித்துக் கொட்டும். வயர் மட்டமென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

சரி, வியாசர்பாடி மெஷினுக்கு வருவோம். பணம் கொடுக்கும் முன் எரித்துப் பாருங்கள், ஆனால் அவர் கொடுக்கும் துண்டில் இல்லை. எல்லோரும் 6 மி.மீ. பிளேட்டைத்தான் நீட்டுவார்கள், அதில் எந்த மெஷினும் அழகாக எரியும். உங்கள் 18 கேஜ் ட்யூபை நாலு துண்டு வெட்டி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து எடுத்துப் போங்கள். 16 வோல்ட் பக்கம் வைத்து, வயர் வேகத்தைக் கீழிருந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். கண்ணைவிடக் காதுதான் இங்கே முக்கியம். கடுகு வெடிப்பதுபோல விட்டுவிட்டுப் படபடத்தால் செட்டிங் சேரவில்லை. காய்ந்த எண்ணெயில் வடை போட்டதும் ஒரே சீராக ஒரு சத்தம் வருமே, அது வந்தால் சரி. எந்தக் குமிழை எங்கே திருப்பினாலும் அந்தச் சத்தம் பத்து விநாடிகூட நிலைக்கவில்லை என்றால், கோளாறு மெஷினில்.

எரித்ததை வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். மிக் வெல்டிங்கில் ஒரு ஏமாற்று உண்டு. மேலே பார்க்க நாணயம் அடுக்கியதுபோல அழகாக இருக்கும், அடியில் ஒட்டியே இருக்காது. ஆர்க் வெல்டிங்கில் தப்புச் செய்தால் அசிங்கமாகத் தெரிந்துவிடும், இது அப்படிக் காட்டிக்கொடுக்காது. இந்தக் காரணத்துக்காகவே உங்கள் பழைய ஆர்க் மெஷினை விற்காதீர்கள். ஊஞ்சல் கொக்கி, கேட் கீல், 5 மி.மீ. ஆங்கிள் போன்ற எடை தாங்குகிற வேலைக்கு உங்கள் கைக்குப் பழகிய ராடே போதும்.

ஜி.ஐ. ட்யூப் வாங்கும் பழக்கம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஓரத்தில் ஒரு இன்ச்சுக்கு துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிட்டு எரியுங்கள், காற்று வரும் பக்கம் நில்லுங்கள், மாஸ்க் போடுங்கள். அந்த வெள்ளைப் புகையை உள்ளே இழுத்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து ஆட்டிவிடும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை. நானும் லிட்டர் கணக்கில் குடித்திருக்கிறேன், காய்ச்சல் வரத்தான் செய்தது.

விலை. அதே மாடலோ, அதற்கு நிகரானதோ புதுசு என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய மெஷினுக்குப் புது விலையில் பாதி கொடுக்கலாம். அதற்குமேல் கேட்டால் வாரன்டியோடு புதுசு வாங்குவதே புத்திசாலித்தனம். லைனர், ரோலர், நாலு டிப் ஆகிய மூன்றையும் எப்படியும் புதிதாக மாற்றுவீர்கள், அந்தச் செலவைப் பேச்சில் கழித்துக்கொள்ளுங்கள். வயர் ஸ்பூலோடு தருகிறேன் என்று ஆசை காட்டினால் அதை ஒரு காசுக்கும் எண்ணாதீர்கள். செம்பு நிறம் மங்கிப் பழுப்பேறிய வயர் புது லைனரையே அடைத்துவிடும். உங்கள் புது ஸ்பூலையும் வேலை முடிந்ததும் மெஷினில் விட்டுவைக்காமல், கழற்றி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். கடலிலிருந்து அந்தத் தூரத்தில் வயர் சீக்கிரமே கறுக்கும்.

மணலிக்காரரிடம் மெஷின் வேண்டாம் என்று சொல்லப் போகும்போது, சி.ஓ.டூ ரெகுலேட்டரும் சிலிண்டரும் தனியாகத் தருவாரா என்று கேளுங்கள். சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் டெஸ்ட் தேதியைப் பாருங்கள், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் டெஸ்ட் முடிக்காமல் யாரும் கேஸ் நிரப்பித் தரக் கூடாது. ரசீது இல்லாத சிலிண்டரைத் தொடவே வேண்டாம். ரெகுலேட்டரோடு ஹீட்டர் இருந்தால் அது எத்தனை வோல்ட் என்று ப்ளேட்டைப் படியுங்கள். 36 வோல்ட் ஹீட்டரை வீட்டு ப்ளக்கில் சொருகி எரித்தவர்களை எனக்குத் தெரியும். நம் ஊர் வெயிலில், நீங்கள் விட்டுவிட்டு எரிக்கும் வேலைக்கு, நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் ஓட்டத்தில் ரெகுலேட்டர் உறைவது அபூர்வம். ஹீட்டரை மாட்டாமலே ஓட்டிப் பாருங்கள்.